மூன்று தரம் கேட்கவேண்டிய அரசர்கள்

ஓக்லாந்தின் பென்ரோஸ் பகுதியில் அன்று பிற்பகல் முழுக்க மழை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் வாசலில் காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியின் உள்பக்கம் படிந்த ஆவியை ஸ்வெட்டர் கையால் துடைத்துக்கொண்டிருந்தேன். பின் இருக்கையில் மகள் தன் பக்கத்துக் கண்ணாடியில் விரலால் பூனை வரைந்துகொண்டிருந்தாள். ஈர அட்டையின் வாசனையும் சூடான பசையின் வாசனையும் காருக்குள் வந்தன. அதே வாசனை என் கணவரின் சட்டையிலும் தலைமயிரிலும் இருக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது.

சங்கு ஊதியது. ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு கார்களுக்கு ஓடினார்கள். இவர் மட்டும் ஓடவில்லை. மழையில் நனைந்தபடி ஆறுதலாக நடந்து வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. நியூசிலாந்துக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கண்டதே இல்லை.

"கெவின் என்னைக் கூப்பிட்டவன்," என்றார். கெவின் அங்கே மனேஜர். "போர்மன் வேலைக்கு என்னைப் போட யோசிக்கிறானாம். விருப்பமோ எண்டு கேட்டவன்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வேண்டாமெண்டு சொன்னனான்."

அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அங்குமிங்கும் போய் வந்தது.

"ஓங் இருக்கிறார், என்னைவிட மூத்தவர், முதல்ல அவரைக் கேளுங்கோ எண்டு சொன்னன். கேட்ட உடனே ஓமெண்டு சொல்லுறதோ? நாளைக்குத் திரும்பக் கேப்பான். நீர் ஏன் முகத்தை இப்பிடி வச்சிருக்கிறீர்?"

என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நன்றாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த வாரப் பத்தியில் நான் திட்டப்போவது சீன தேசத்து அரசர்களை. சரித்திரத்தில் இருந்தவர்களை அல்ல. சரித்திரத்துக்கும் முந்தியவர்கள், புராணத்தில் மட்டும் ஆண்டவர்கள். அந்த மழை நாளுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

மகளைக் கைமாற்றும் நேரம்

போன வாரம், விரி என்ற இடத்தில் நான் வேலை செய்த பட்டாணித் தொழிற்சாலையின் குளிரைப் பற்றி எழுதியிருந்தேன். பெல்ட்டில் ஓடிவரும் உறைந்த பட்டாணியில் கறுத்ததைப் பொறுக்குவது என் வேலை. இரண்டு கையுறை போட்டாலும் விரல் நுனி செத்துவிடும். அது மாலை வேலை. இவருக்குப் பகல் வேலை. ஆகவே இவர் வெளியே வரும் நேரத்துக்கு நான் மகளைக் கூட்டிக்கொண்டு பென்ரோஸ் வாசலுக்குப் போவேன். மகளை இவர் கையில் கொடுத்துவிட்டு நான் அப்படியே விரிக்கு ஓட்டுவேன். எங்களிடம் இருந்தது ஒரே கார்.

வார நாட்களில் நாங்கள் புருசன் பெண்சாதியாக வாழ்ந்தது அந்த வாசலில்தான். கறி எந்தச் சட்டியில் இருக்கிறது, பிள்ளைக்கு இருமல் மருந்து கொடுத்தாயிற்றா, வீட்டுக்காரர் வாடகைக்கு வந்தாரா. இவ்வளவும் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கதைத்து முடிக்கவேண்டும். மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்து இரவுச் சாப்பாடு சாப்பிடுவது சனி, ஞாயிறு மட்டும்.

போர்மன் என்கிற மேற்பார்வையாளரின் சம்பளம் வந்தால் நான் பட்டாணியை விடலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இவர் யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், போர்மன் ஆனால் அவருடைய மரியாதை மீளும் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. கை சூடாக இருக்கவேண்டும், மாலையில் வீட்டில் இருக்கவேண்டும்.

அதைத்தான் இவர் சிரித்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

தமிழ் பேசிய சீனர்

வாசலில் விடப்பட்ட தகப்பனும் மகளும் வீட்டுக்குப் போவது ஓங்கின் காரில். பழைய மஞ்சள் கார். உள்ளே எந்நேரமும் தைல வாசனை. ஓங்குக்கு வலது முழங்கால் சரியில்லை. பத்து வருடத்துக்கு மேலாக அந்தத் தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் நின்றே வேலை செய்தவர். காரில் ஏறியதும் காற்சட்டையைச் சுருட்டி முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார்.

மலேசியச் சீனர். ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து முனையில் அவருடைய தகப்பன் மளிகைக் கடை வைத்திருந்தாராம். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் தமிழர். அதனால் ஓங்குக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. முதல்நாள் என்னைப் பார்த்து, "என்னா தங்கச்சி, சாப்ட்டாச்சா?" என்று கேட்டபோது நான் பின்னால் திரும்பி வேறு யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். ஓக்லாந்தில் அந்த நாட்களில் தமிழ்க் குரல் கேட்டால் தெருவைக் கடந்துபோய்க் கதைப்போம். அவ்வளவு கொஞ்சப் பேர்தான் இருந்தோம்.

ஓங்கிடம் ஒரு மூட்டை கதை இருந்தது. எல்லாம் அந்த ஆதி அரசர்களைப் பற்றியவை. காரில் மகளுக்குச் சொல்லுவார். மகள் அதை எனக்கு ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லுவாள். விட்டுப்போனதை இவர் நிரப்புவார். இப்படித்தான் அந்த மகான்கள் என் வீட்டுக்குள் வந்தார்கள்.

ஒருவருக்குப் பாம்பு உடம்பு. இன்னொருவர் காட்டிலுள்ள பூண்டையெல்லாம் கடித்துப் பார்த்து, நாளுக்குப் பலதரம் நஞ்சேறி, பிறகு எழும்பி அடுத்த பூண்டைக் கடித்தவர். மருந்து கண்டுபிடித்தாராம். பக்கத்தில் நின்று வாயைத் துடைத்துவிட்டது யார் என்று கதையில் இல்லை.

யூ என்றொரு அரசர். பெருவெள்ளத்தை வாய்க்கால் வெட்டி வடித்தவர். வேலை மும்முரத்தில் மூன்று தரம் தன் வீட்டு வாசலைக் கடந்து போனாராம். உள்ளே பிள்ளை அழுகிறது கேட்டும் நுழையவில்லையாம். இதைச் சொல்லும்போது இவருக்குக் கண் கலங்கும். நான் வாரத்தில் ஐந்து நாள் என் வீட்டுத் திருப்பத்தைக் கடந்து விரிக்குப் போனவள். யாரும் எனக்கு முடி சூட்டவில்லை. உள்ளே இருந்த யூவின் பெண்சாதி என்ன சொன்னாள் என்று ஒருநாள் ஓங்கிடம் கேட்டேன்.

"அவ கல்லாப் போயிட்டா, தங்கச்சி."

"உண்மையாவோ?"

"கதையில அப்படித்தான் இருக்கு."

நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வேண்டாம் என்பது ஒரு வித்தை

இந்த அரசர்களின் பெரிய பெருமை வெள்ளமோ மருந்தோ அல்ல. நாடு வேண்டாம் என்று சொன்னதுதான்.

யாவ் என்ற அரசர் தன் மகன் உதவாக்கரை என்று கண்டு, வெளி ஆளான ஷூன் என்பவரிடம் நாட்டைக் கொடுத்தார். யாவ் செத்ததும் ஷூன், ஐயோ எனக்கு வேண்டாம், மகனே ஆளட்டும் என்று ஆற்றுக்குத் தெற்கே போய் உட்கார்ந்துகொண்டார். சனங்கள் தேடிப் போய்க் கூட்டிவந்தார்கள். ஷூன் தன் முறைக்கு யூவிடம் கொடுத்தார். யூவும் அதே கூத்து. ஓர் ஊருக்குப் போய் ஒளிந்துகொண்டார். சனங்கள் அங்கேயும் போனார்கள். பாவம், வயல் வேலையை விட்டுவிட்டு.

இவர்களுக்கெல்லாம் மேலே ஒரு துறவி. யாவ் முதலில் அவரிடம்தான் நாட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். அந்த வார்த்தை காதில் விழுந்த அசுத்தத்தைப் போக்க, துறவி ஆற்றுக்குப் போய்க் காதைக் கழுவினார். கீழே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஒருவர், காது கழுவிய தண்ணீரை என் மாடு குடிப்பதா என்று மாட்டை மேலே ஓட்டிக்கொண்டு போனார். மாட்டை யாரும் கேட்கவில்லை.

எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள். ஆனால் சிம்மாசனம் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. இதை நான் சொன்னபோது இவர் இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்குச் சீனக் கதை கேட்டுத்தானா இந்தப் பழக்கம் வரவேண்டும்? விருந்துக்குப் போனால் இரண்டாம் முறை சோறு வரும்போது சாப்பாட்டுக் கோப்பையை இரண்டு கையாலும் மூடுவோம். போடுகிறவர் விடமாட்டார். கையை விலக்கிப் போடுவார். மூன்றாம் முறை வேண்டாம் என்றால்தான் அது உண்மையான வேண்டாம். தேத்தண்ணீருக்கு அப்படி, உட்காரும் கதிரைக்கு அப்படி, கலியாணத்தில் முன்வரிசைக்கு அப்படி. கேட்கிறவருக்கும் முறை தெரியும், மறுக்கிறவருக்கும் முறை தெரியும்.

கெவினுக்கு முறை தெரியாது.

அந்த மழை நாள் காலையிலேயே அவன் ஓங்கைக் கேட்டிருக்கிறான். ஓங், "சிவாவுக்குச் சின்னப் பிள்ளை இருக்கு, அவருக்குக் குடுங்க," என்று சொல்லியிருக்கிறார். பிறகு சிவா என்கிற என் கணவரைக் கேட்டிருக்கிறான். இவர் ஓங்கைக் காட்டியிருக்கிறார். இரண்டு பேரும் தத்தம் ஆற்றங்கரைக்குப் போய்ச் சனங்கள் வருவார்கள் என்று குந்திக்கொண்டார்கள். கெவின் "நோ வொரிஸ், மேட்" என்று சொல்லிவிட்டு, மீசை முளைத்தும் முளைக்காத ஷேன் என்ற பையனிடம் போய்க் கேட்டான். ஷேன் வாயிலிருந்த சாப்பாட்டை விழுங்க முன்னமே ஓமென்று தலையாட்டிவிட்டானாம்.

காது கழுவிய கதை

அதன் பிறகு இவர் துறவியானார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் குடும்பங்கள் யாராவது ஒரு வீட்டில் கூடுவோம். ஆண்கள் வரவேற்பறையில் ஊர் நிலைமை கதைப்பார்கள். பெண்கள் குசினியில். எப்படியோ பேச்சை வளைத்து இவர் அந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்.

"போர்மன் வேலைக்குக் கேட்டவங்கள். நான் வேண்டாமெண்டிட்டன். எங்களுக்கு எதுக்கு உந்தப் பதவியெல்லாம்?"

"நல்ல காரியம் செய்தீங்கள் மாஸ்டர்," என்று யாராவது ஒருவர் சொல்லுவார். அவருடைய பெண்சாதி இரண்டு வேலை செய்பவளாக இருப்பாள்.

கதை வாராவாரம் வளர்ந்தது. முதலில் கெவின் ஒரு தரம் கேட்டான். பிறகு கெஞ்சிக் கேட்டான். ஒரு வீட்டில் அவன் கண் கலங்கியதாகவும் கேள்விப்பட்டேன். நான் குசினியில் வடையைப் புரட்டிக்கொண்டு, என் விரல் நுனிகளை எண்ணெய்ச் சூட்டுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தேன். எனக்கு ஆத்திரம் வந்தது. சும்மா வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

காரில் வரும்போது சொன்னேன்: "நீங்கள் காதைக் கழுவுறீங்கள். அந்தத் தண்ணிக்குள்ள நானும் பிள்ளையும் நிக்கிறம்."

மகள் பின்னால் இருந்து, ஏன் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

கெவினும் கோழிக்காலும்

ஷேன் நெடுநாள் நிலைக்கவில்லை. அந்த வருடங்களில் ஓக்லாந்துப் பையன்கள் எல்லாருக்கும் இருந்த வியாதி அவனுக்கும் வந்தது. சிட்னியில் இரட்டைச் சம்பளம் என்று யாரோ சொல்ல, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கிறிஸ்மஸ் என்கிற நத்தார் நெருங்கிய நேரம். போர்மன் கதிரை மறுபடி காலி.

அது உண்மையாகவே ஒரு கதிரை. கண்ணாடி அடைத்த சின்ன அறைக்குள், மெத்தை வைத்த, சுழலுகிற கதிரை. அந்த வேலைத்தளம் முழுக்க உட்காரக்கூடியது அது ஒன்றுதான்.

கெவின் இவரைக் கேட்கவில்லை. ஏன் கேட்கப்போகிறான்? இந்த ஆளுக்குப் பதவியில் விருப்பமில்லை என்று அவன் மனதில் எழுதிவைத்துவிட்டான். இவரோ ஒவ்வொரு நாளும் வாசலில் வந்து, "இண்டைக்கும் கேக்கேல்லை," என்று மெல்லச் சொன்னார். துறவியின் முகம் வாடியிருந்தது. காது கழுவிய தண்ணீர் எல்லாம் வற்றிவிட்டது.

நத்தாருக்கு முந்திய வெள்ளிக்கிழமை தொழிற்சாலை முற்றத்தில் பாபிகியூ வைத்தார்கள். குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். நல்ல வெயில். சாமான் ஏற்றும் பலகைத் தட்டுகளை அடுக்கி மேசையாக்கியிருந்தார்கள். கெவின் குட்டைக் காற்சட்டையோடு நின்று இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தான். ஓங் ஒரு தூணில் சாய்ந்து, ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றுகொண்டிருந்தார்.

கெவின் இடுக்கியில் ஒரு கோழிக்காலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான். "வேணுமா?"

"நோ, தாங்ஸ்," என்றேன். பழக்கம். வாயில் தானாக வந்துவிட்டது.

"நோ வொரிஸ்," என்று கோழிக்காலைப் பக்கத்துப் பெண்ணின் தட்டில் வைத்துவிட்டு நடந்தான்.

எனக்குப் பசி. சுட்ட தோலின் வாசனை மூக்கில் நின்றது. இவருக்கு நடந்தது எனக்கும் நடந்துவிட்டது என்று அந்த நிமிடம் புரிந்தது. வித்தியாசம், நான் ஆற்றங்கரைக்குப் போகவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனேன்.

"கெவின், எனக்கு அது வேணும்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "என் கணவருக்கும் அந்த வேலை வேணும்."

அவன் குழம்பிப் போனான். "அவர் வேண்டாம் என்றாரே."

"முதல் தரம் அப்படித்தான் சொல்லுவோம்."

"வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதானே?"

"மூன்றாம் தரம்தான் அப்படி."

கெவின் இடுக்கியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு என் தட்டில் இரண்டு கோழிக்கால் வைத்தான். அவன் கெட்டவன் இல்லை. யோசிக்கத் தெரியாதவன், அவ்வளவுதான்.

மேசைக்கு முன்னால் போய் நின்று உரத்துக் கூப்பிட்டான். "சிவா, போர்மன் வேலைக்கு வருகிறாயா?"

என் கணவர் எழும்பி நின்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஓங் இருக்கிறார், அவர் மூத்தவர் என்று ஆரம்பித்தார். என் கையில் கத்தி இல்லாதது அவர் அதிர்ஷ்டம்.

"ஓங்?" என்றான் கெவின்.

ஓங் காகிதத் தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு தலையை அசைத்தார். "இல்ல, இல்ல. அவருக்குச் சின்னப் பிள்ளை இருக்கு."

"சரி. சிவா, இது இரண்டாவது தரம்."

"எனக்கு அனுபவம் போதாது..."

"மூன்றாவது."

இவர் என்னைப் பார்த்தார். என்ன கண்டாரோ, "ஓம்," என்றார். பதற்றத்தில் தமிழில் வந்துவிட்டது. பிறகு "யெஸ்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எல்லாரையும்விட உரக்கத் தட்டியது ஓங்.

கெவின் ஓங் பக்கம் மறுபடி திரும்பவில்லை.

யாரும் வராத மலை

புது வருடம் பிறந்து வேலை தொடங்கியதும் நான் பட்டாணிக்கு விடை கொடுத்தேன். கையுறைகளைக் குப்பையில் போட்டபோது எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

போர்மன் முந்திப் போய்ப் பிந்தி வருபவர். ஆகவே கார் அவருக்கு. ஓங்கின் மஞ்சள் காருக்கு எங்கள் வீட்டுப் பக்கம் வேலை இல்லாமல் போய்விட்டது. மகள் சில நாட்கள் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். நான்தான் இவரிடம் சொல்லி, ஒரு புதன்கிழமை மாலை ஓங்கைச் சாப்பிடக் கூப்பிட்டேன். வார நாளில் மேசையைச் சுற்றி ஆட்கள் இருப்பதே எனக்குப் புதுமையாக இருந்தது.

தன் தோட்டத்துக் கீரை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். கதிரையில் உட்காரும்போது முகம் சுளித்தது. காலை நீட்டி வைத்துக்கொண்டார். சோறும் மீன்குழம்பும் போட்டேன். தலை நிமிராமல் சாப்பிட்டார். அவருக்கு நல்ல பசி.

"அங்கிள், ஸ்டோரி," என்றாள் மகள்.

ஓங் கொஞ்சம் யோசித்தார். "ஒன்னு பாக்கி இருக்கு," என்றார்.

"யூ ராஜா சாவறப்ப மவன்கிட்ட நாட்டக் குடுக்கல. போ யீன்னு ஒருத்தன். வெள்ளத்துல கூடவே நின்னு வேல செஞ்ச ஆளு. அவன் கையில குடுத்துட்டுச் செத்துப் போயிட்டாரு. அவன் என்னா செஞ்சான், மொறைப்படி, எனக்கு வேணாம், மவனுக்கே குடுங்கன்னு சொல்லிட்டு மலையில போய் ஒக்காந்துட்டான். முன்ன ஷூன் அப்படித்தான் போனாரு. யூவும் அப்படித்தான் போனாரு. ரெண்டு பேரயும் ஜனங்க தேடிக்கிட்டு வந்தாங்கல்ல?"

"பிறகு?" என்றேன்.

"போ யீயத் தேடி யாரும் வர்ல, தங்கச்சி. எல்லாரும் மவன் வீட்டுக்குப் போயிட்டாங்க."

சிரித்தார். குழம்பைச் சோற்றில் பிசைந்தார். மகள் ஆங்கிலத்தில், அவன் ஓமென்று சொல்லியிருக்கவேண்டும் என்றாள்.

அந்த அரசர்கள் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் அன்றுதான் முற்றியது. தேடி வந்தவர்களின் கதையை உலகமெல்லாம் சொல்லிவிட்டு, வராதவர்களின் கதையைக் கடைசியில் ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

இவர் பேச்சை மாற்ற நினைத்தார் போலிருக்கிறது. "ஓங்கின்ரை முழங்காலுக்கு எண்டு மெஷினுக்குப் பக்கத்தில ஒரு ஸ்டூல் வைப்பிச்சனான்," என்று என்னிடம் சொன்னார். குரலில் போர்மன் பெருமை. "இவர்தான் வேண்டாமெண்டிட்டார். எடுத்துப்போட்டன்."

"எத்தினைதரம் கேட்டனீங்கள்?" என்றேன்.

இவர் கோப்பையைப் பார்த்தார். எனக்குப் பதில் தெரியும். கண்ணாடி அறைக்குள் போய் இரண்டு வாரம் ஆகவில்லை, அதற்குள் இவர் கெவின் ஆகிவிட்டார்.

நான் சோற்றுச் சட்டியோடு ஓங்கின் பக்கம் போனேன். அவர் உடனே கோப்பையைக் கையால் மூடினார்.

"போதும் தங்கச்சி. வவுறு ரொம்பிருச்சு."

நான் அவரைக் கேட்கவே இல்லை. கையை விலக்கி ஒரு அகப்பை போட்டேன். மறுபடி மூடினார். மறுபடி விலக்கிப் போட்டேன்.

மூன்றாவது அகப்பைக்கு அவரே கையை எடுத்துவிட்டார்.